பவர்ஃபுல் சாமி

செருப்பு அறுந்து தரையில் இழுபடும் சத்தம்தான் முதலில் கேட்டது. ஓடிவருகிற சத்தம். முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சற்குணம் நிமிர்வதற்குள் அஞ்சலை ஆசிரம வாசலுக்குள் வந்துவிட்டாள். தோளில் ஆறு வயது மகன். பையனுக்கு உடம்பெல்லாம் வேர்வை. கால் மட்டும் ஜில்லிட்டுக் கிடந்தது.

"தேள் கொட்டிருச்சுங்கய்யா! சாமியக் கூப்பிடுங்க!"

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குப் போகலியாம்மா? வர்ற வழியிலதானே இருக்கு?"

"அதைத் தாண்டித்தான் ஓடியாறேன். நீங்கதானே போன அமாவாசைக்குச் சொன்னீங்க, எங்க சாமி ரொம்பப் பவர்ஃபுல்னு?"

சற்குணம் முறத்தைக் கீழே வைத்தார். சொன்னவர்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றுச் சீடரானவர். வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல அந்தச் சொல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குரு வெளியே வந்தார். சீடரைவிட வயதில் ரொம்ப இளையவர். பையனின் காலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடி மந்திரம் எதுவும் சொல்லவில்லை. காவியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பழைய மொபெட்டை மிதித்தார்.

"பின்னால ஏறு தாயி. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்க."

"சாமி, திருநீறு?"

"மருந்து முதல்ல."

வண்டி போனது. சற்குணம் முறத்தை எடுத்தார். கல் எது, அரிசி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? முறத்தை அப்படியே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது வண்டிச் சத்தம். குரு சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பொழச்சுக்கிட்டான். ஊசி போட வந்த நர்ஸம்மாவையே கடிக்கப் பாத்தான்னா பாத்துக்குங்க."

சற்குணம் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. கண்ணையும் மூக்கையும் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"சாமி, பவர்ஃபுல்லுன்னா என்னதான் அர்த்தம்? இனிமே அந்தச் சொல்லை நான் யாருக்குக் கொடுக்கணும்? அந்த டாக்டருக்கா?"

"அவரும் பையன் கண்ணு முழிக்கிற வரைக்கும் கையைப் பிசைஞ்சுக்கிட்டுத்தான் நின்னாரு."

"அப்ப கடவுளுக்கா?"

குரு வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

"பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுற தாயை, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஓட வெச்சது எந்தச் சொல்லோ, அந்தச் சொல்லுக்கே கொடுங்க பெரியவரே."

சற்குணம் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, பக்கத்திலிருந்த சிரட்டையில் ஒரு கல் விழுந்தது.