தொன்னையில் ஓடைத் தண்ணீர்

மூடுபனி இறங்கினால் மரங்கள் மிதப்பதுபோல் தெரியும் ஒரு காட்டில், தேன் என்றால் உயிரை விடும் கரடி ஒன்று இருந்தது. தேன் குடிக்கும், தூங்கும், கனவிலும் தேன் குடிக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும், விலங்குகள் தங்கள் சிறுநீரை ஆளுக்கொரு இலைத் தொன்னையில் பிடித்து நாரை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் முதலில் நிறம் பார்ப்பார். பிறகு எறும்புகளை விடுவார். எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய். சிரிக்காதீர்கள், இப்படித்தான் அங்கே பல உயிர்கள் பிழைத்தன.

கரடிக்குச் சில நாட்களாகத் தாகம் அடங்கவே இல்லை. அதற்கு உள்ளூரச் சந்தேகம்தான். 'எறும்பு மொய்த்துவிட்டால் தேனை நிறுத்திவிடுவாரே' என்று பயந்தது.

தொன்னையில் ஓடைத் தண்ணீரை மொண்டது. கொன்றைப் பூவைக் கசக்கி மஞ்சளாக்கியது. ஒன்றும் தெரியாததுபோல் கொண்டுபோய் வைத்தது.

ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை.

"உனக்கு ஒரு குறையும் இல்லை, போய் வா" என்றார் நாரை.

கரடி நேரே தேனடைக்குப் போனது. அந்த மாதம் முழுவதும் அதற்குக் கனவுபோலக் கழிந்தது. மரங்கள் கலங்கின. பூக்கள் கரைந்தன. தேனடைகள் எங்கோ தூரத்தில் மங்கலாகத் தொங்கின. எல்லாம் பனியின் வேலை என்று நினைத்துக்கொண்டது.

ஒருநாள் எதிரே வந்த முயலிடம் கேட்டது: "இந்த வருஷம் பனி விலகவே இல்லையே, ஏன்?"

"பனியா? என்ன மாமா சொல்கிறீர்கள்? உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது."

பனி தன் கண்ணில்தான் என்று கரடிக்கு அப்போதுதான் புரிந்தது. முயலின் வாலைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தன் சொந்தச் சிறுநீரோடு வைத்தியரிடம் போனது. தொன்னையைக் கீழே வைப்பதற்குள் எறும்புகள் ஏறிவிட்டன.

"போன மாதம் நீ கொடுத்தது என்ன?" என்று கேட்டார் நாரை.

"ஓடைத் தண்ணீர்" என்று சொல்லி அழுதது கரடி.

"ஓடை நலமாகத்தான் இருக்கிறது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இனி தேன் கூடாது. வேப்பங்கொழுந்து தின்னு. மிச்சத்தைப் பார்ப்போம்" என்றார்.

கரடி அப்படியே செய்தது. சில மாதங்களில் ஒரு கண்ணில் பனி விலகியது. மற்றக் கண்ணில் அது தங்கிவிட்டது.

நீதி: வைத்தியரை ஏமாற்றிவிடலாம், நோயை ஏமாற்ற முடியாது.