வக்கீலின் விபூதி

ஹெராயின் கடத்தல்காரனுக்காக வாதாட வந்த வக்கீல் ஆவுடையப்பன், தடயவியல் ஆய்வக உதவியாளர் தவமணி கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்த, பொடி இன்னதென்று கண்டுசொல்லும் அகச்சிவப்புக் கருவியைப் பார்த்து எகிறினார்.

"ஏம்மா, கண்ணுக்கே தெரியாத ஒளியை அடிச்சு, வெள்ளைப் பொடியெல்லாம் ஹெராயின்னு சொல்லிடுவியா? இதோ, நான் அறங்காவலரா இருக்கிற கோயில் விபூதி. சுத்தமான பசுஞ்சாணச் சாம்பல். வை பார்ப்போம், இதையும் ஹெராயின்னுதான் சொல்லும்!"

கோர்ட்டே சிரித்தது. தவமணி ஒரு சிட்டிகை வாங்கி வைத்தாள். திரையில் கோடு ஏறி இறங்கி நின்றது.

"ஹெராயின் இல்லீங்க ஐயா."

"அப்படி வா வழிக்கு! சாம்பல்னு சொல்லுச்சா?"

"சாம்பலும் இல்லீங்க. ஃபால்ஸ் சீலிங்குக்குப் பூசுற ஜிப்சம் பொடின்னு சொல்லுது."

அதே கோயிலுக்குக் காலையில் போய்வந்திருந்த நீதிபதி, கைக்குட்டையை எடுத்து நெற்றியை அழுந்தத் துடைத்தார்.

"கருவி நல்லாத்தான் வேலை செய்யுது. இப்போ பிடிபட்ட பொடியை வைம்மா" என்றார்.