லாசரின் திருகாணி

சூசைத்துறைக் கரையில் குடியிருப்பவரும், காலஞ்சென்ற சவரிமுத்துவின் மூத்த புதல்வருமாகிய அந்திரயாஸ் என்பார், தமது அறுபத்தோராம் வயதில், இயந்திரம் பழுதுபார்க்கும் விக்டோரியாளிடம் ஒரு கேள்வியோடு வந்தார்.

"பிள்ளே, ஒருத்தன் செய்த குற்றத்துக்கு இன்னொருத்தன் எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

விக்டோரியாள் அவர் தோளில் சுமந்து வந்த, வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை இறக்கி, மரச்சட்டத்தில் மாட்டினாள்.

அவளுக்கு நாற்பது வயதுக்குள்தான். ஆயினும் இன்ஜின் விஷயத்தில் அவள் சொல்லுக்கு அந்தக் கரையில் மறுசொல் கிடையாது.

கியர் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்துவிட்டது என்றார் அந்திரயாஸ். கடல்நீர் புகுந்துவிட்டது. அதை வடித்துப் புது எண்ணெய் ஊற்றாவிட்டால் உள்ளே பற்சக்கரங்கள் அரைபட்டுப்போகும். ஆனி ஆடி மாத மீன்பாடு முழுவதும் கைவிட்டுப் போகும். ஆனால் எண்ணெய் வடிக்கும் அடித்திருகாணியோ அசைய மறுக்கிறது.

அவள் மேல் திருகாணியில் திருப்புளியை வைத்தாள். இரண்டு விரல் பலத்தில் கழன்றது. அடித்திருகாணியில் வைத்தாள். அது உப்புப் பூத்துப் பெட்டியோடு இறுகிக் கிடந்தது.

"மேல உள்ளது மட்டும் எப்படி இவ்வளவு சுகமா வருது, மாமா?"

"அது எனக்க ஸ்க்ரூ."

"கீழ உள்ளது?"

"அவனுக்க ஸ்க்ரூ."

அவன் என்றது தம்பி லாசரை. இன்ஜின் இருவருக்கும் பொது. லாசர் அடித்துளை வழியாக எண்ணெயை ஏற்றுவார். மேல்துளையில் அது தலைகாட்டியதும் அந்திரயாஸ் மேலதைப் பூட்டுவார். பிறகு லாசர் கீழதைப் பூட்டுவார். இப்படி ஆளுக்கொரு திருகாணி என்றாகிப்போனது.

தாயாரின் அடக்கத்தன்று, சவப்பெட்டியின் தலைப்பக்கத்தைத் தோள்கொடுத்துச் சுமப்பது யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்தது. அதன்பின் ஒருநாள் அவர், மறுநாள் இவர் என்று அதே இன்ஜினோடு கடலுக்குப் போனார்கள். பேச்சு இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஒருவர் திருகாணியை மற்றவர் தொடவில்லை. அந்திரயாஸ் மேல்துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொண்டார். மேலதைத் திறக்காமல் கீழதைத் திறந்து பயனில்லை என்று லாசர் வாளாவிருந்தார்.

"கடலுக்கு உங்க பாகப்பிரிவினை தெரியல்ல போல" என்றாள் விக்டோரியாள்.

குற்றம் லாசருடையதே என்று அவள் பங்குக்கோயில் கமிட்டியின் முன் வந்து சொல்ல வேண்டும், அப்போது இன்ஜின் முழுதும் தமக்கே ஆகும் என்றார் அந்திரயாஸ்.

அவள் சுத்தியலால் அடித்துத் திருப்பும் தடித்த திருப்புளியை எடுத்து வைத்தாள்.

"இதை ஒருத்தர் சாய்ஞ்சு அழுத்தணும், ஒருத்தர் அடிக்கணும். அவருக்க ஸ்க்ரூன்னா அவர்தான் அழுத்தணும். போய்க் கூப்பிடுங்க."

"மாட்டேன்."

"அப்போ இன்ஜினைத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. இன்ஜினை அங்கேயே விட்டுவிட்டு வீட்டிற்குப் போனார்.

நெத்தோலி மீன்கூட்டம் கரையை நெருங்கி வந்தது. எல்லா வள்ளமும் போயிற்று. அவர்கள் வள்ளம் மணலில் கிடந்தது. கடைசியில் அந்திரயாஸ் லாசரின் வாசலுக்குச் சென்று, அங்கே படுத்திருந்த நாயைப் பார்த்து, இன்ஜின் விக்டோரியாளிடம் இருக்கும் செய்தியைத் தெரிவித்துத் திரும்பினார்.

லாசர் வந்தார்.

விக்டோரியாள் திருகாணியைச் சுற்றித் தீயைக் காட்டினாள். லாசர் திருப்புளியைப் பிடித்துச் சாய்ந்து அழுத்தினார். அவர் விரல்களுக்கு மேலே அண்ணனின் சுத்தியல் உயர்ந்தது. லாசர் கையை இழுக்கவில்லை.

"முதல்ல இறுக்குற பக்கம் ஒரு அடி" என்றாள் அவள். "பிறகுதான் கழற்றுற பக்கம்."

ஓர் அடி. திருகாணி முனகியது. மறுபக்கம் ஓர் அடி. கழன்றது.

வெளுத்த எண்ணெய் மணலில் கொட்டியது. அதில் இரும்புத்தூள் இல்லை. பற்சக்கரங்கள் தப்பின.

அந்திரயாசின் தொண்டைவரை ஒரு சொல் வந்தது. வாய்க்கு வந்ததோ வேறு.

"பார்த்தியா, யாருக்க ஸ்க்ரூ கெட்டுப்போச்சுன்னு."

லாசர் திருகாணியைக் கைலியில் துடைத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்க ஸ்க்ரூதானே, அண்ணே. நான் கொண்டுபோறேன். மற்றதெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் போய்விட்டார்.

அந்திரயாஸ் காலியாகக் கிடந்த அடித்துளையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பிள்ளே, இதுமாதிரி வேற ஸ்க்ரூ உண்டா?"

"உண்டு, மாமா. நல்லாவே பொருந்தும்." அவள் அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இதைப் பூட்டிட்டா, இனி நீங்க யாரையும் கூப்பிட வேண்டாம்."

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்த இன்ஜினின் இரண்டு திருகாணிகளும் ஒருவருக்கே உரியவையாயின.