வாய்க்கட்டுத் திரவியனார்

பொருநை ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் கீழமருதூர் என்றொரு ஊர் இருக்கிறது. ஊரும் சிறிது, கோயிலும் சிறிது. அங்கே எழுந்தருளியிருக்கும் பொருநைநாதருக்கு நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பூமாலைக்கு மட்டும் அவர் ராஜா. விடிந்தும் விடியாமலும் திருமேனியில் விழும் அந்த முதல் மாலையைப் பார்க்க அசலூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதைக் கட்டியவர் திரவியம் பண்டாரம் என்னும் அடியார். வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடி முடிச்சிட்டுக்கொண்டேதான் பூவைத் தொடுவார் என்பதால், ஊரார் அவரை வாய்க்கட்டுத் திரவியம் என்றார்கள். நாம் திரவியனார் என்போம்.

சுவாமிக்குப் போகும் பூவில் மூச்சுக்காற்று படக்கூடாது, எச்சில் தெறிக்கக்கூடாது என்பது அந்தக் கோயிலின் கட்டுப்பாடு. மாலை விழும்வரை கட்டுகிறவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதும் அதில் சேர்த்தி. நந்தவனத்தில் பூப்பறித்து, வாழைநாரை நனைத்து, பூமடம் என்று சொல்லும் சின்ன அறையில் தனியே உட்கார்ந்து திரவியனார் கட்டி முடிப்பதற்குள் வயிறு காந்தும். மாலை விழுந்து, காலைப் பூசை முடிந்து, பிரசாதமான பட்டைச் சோறு கைக்கு வந்த பிறகுதான் அன்றைய முதல் கவளம். இதில் அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வீட்டில் அவர் மனைவி கோமு, "கோயில் சோறு வார வரைக்கும் அவுக தண்ணிகூடத் தொட மாட்டாவ" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கோமுவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பூசை செய்யும் பட்டருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அந்த வெள்ளைத் துணிக்கு உள்ளே, இடது கன்னத்தில், திரவியனார் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கி வைத்திருப்பார்.

வாலிபத்தில் ஒருநாள் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது பூக்கொண்டு வந்த ஒருவர், "இதை ஒதுக்கிக்கிடும், பசி தெரியாது" என்று கொடுத்தார். நிஜமாகவே தெரியவில்லை. தொண்டைக்குக் கீழே இறங்காதது எப்படிச் சாப்பாடாகும் என்று திரவியனார் தமக்குத் தாமே ஒரு சட்டம் எழுதிக்கொண்டார். தண்ணீரைத் தொடமாட்டார், புகையிலையை விடமாட்டார். மனிதர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொள்ளும் சட்டம் எப்போதும் வசதியாகத்தான் இருக்கும். ஆனாலும் துணியை முடிச்சிடும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கும். பூவுக்குத் தெரியாமல் மூடலாம், பூச்சூடுகிறவருக்குத் தெரியாமல் எப்படி மூடுவது? அந்தக் கேள்வி வரும்போது அவர் வேகமாகக் கட்டத் தொடங்கிவிடுவார். வருஷங்கள் இப்படியே ஓடின.

ஒரு தை மாதம் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. காரம் பட்டால் உயிர் போயிற்று. பிறகு கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி தலைகாட்டியது. கோபுர வாசலில் பூக்கடை வைத்திருந்த மந்திரமூர்த்திக்கு வெகுநாளாக சுவாமி மாலையின் மேல் ஒரு கண். அவர் கடைக்கு வந்தவர்களிடம், "பாத்தியளாவே, சாமி கழுத்துக்கு மால போட்டவருக்குச் சாமி திருப்பிப் போட்ட மாலையை! கழுத்தோடயே ஒட்டிக்கிட்டு!" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். கூடையோடு அந்தப் பக்கம் வந்த திரவியனார் காதில் அது விழுந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது என்ற திகில்தான் வந்தது.

கோமு விடாப்பிடியாக அவரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். புண்ணைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, புற்றுநோய் என்பதை ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "பொகையில எவ்வளவு நேரம் வாயில வச்சிருப்பீங்க ஐயா?" என்று கேட்டார்.

பக்கத்தில் கோமு. திரவியனார் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பாட்டுக்குப் பொறவு, லேசா" என்றார்.

சுவாமியிடம் ஒளித்தது போதாதென்று டாக்டரிடமும் ஒளித்தாயிற்று. அன்றே புகையிலையை விட்டார். ஆனால் அந்தப் பொய் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

அறுவை சிகிச்சை செய்து கன்னத்துப் புண்ணையும் கழுத்துக் கட்டியையும் எடுக்க வேண்டும், அதன்பின் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் வாயைத் தயார் செய்ய வேண்டுமாம். கரண்டு பட்ட தாடை எலும்பில் பிறகு பல்லைப் பிடுங்கினால் ஆறாது என்று, சொத்தையும் ஆட்டமுமாக இருந்த பற்களை முன்பே எடுத்துவிட்டார்கள். தாடை இறுகிவிடாமலிருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து வாயைத் திறந்து திறந்து பழகச் சொன்னார்கள். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும். விழுங்க முடியும்போதே நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். கோமு ஒன்று விடாமல் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டார். திரவியனார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவர் மனத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் செய்த வாய், தண்டனை வந்திருக்கிறது, அதை முழுசாக அனுபவித்துவிட வேண்டும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கரண்டு வைக்கும் நேரத்தில் தலை அசையக்கூடாது என்பதற்காக, வெந்நீரில் இளக்கிய ஒரு வலைத்தகட்டை முகத்தின்மேல் அழுத்தி அச்சு எடுத்தார்கள். ஆறியதும் அது முகமூடியாக இறுகியது. அதை மாட்டி மேசையோடு சேர்த்து முடுக்கும்போது திடகாத்திரமானவர்களே அலறிவிடுவார்களாம். மெஷின் பார்க்கும் தம்பி, "பயமா இருந்தா கையைத் தூக்குங்க ஐயா" என்றான்.

"வாயைக் கட்டுறது எனக்குப் பழக்கந்தான் தம்பி" என்றார் திரவியனார்.

எவ்வளவு அமைதி, எவ்வளவு பொறுமை என்று அந்தத் தம்பி வார்டு முழுக்கச் சொல்லிவிட்டான். கோயில் பண்டாரம், பெரிய பக்திமான் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவருக்குச் சவுக்கடி. முகமூடிக்குள் படுத்திருக்கையில், 'நான் கட்டிக்கொண்டதில் களவு இருந்தது நாதா. நீ கட்டியதிலாவது நான் நேர்மையாகக் கிடக்கிறேன்' என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்வார்.

வாரங்கள் போகப் போக வாய் வெந்தது. நாக்கிலும் தொண்டையிலும் கொப்புளம் கொப்புளமாகப் புண். எச்சில் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சோறு மண்ணாக, பால் சுண்ணாம்பாகத் தெரிந்தது. இது எல்லோருக்கும் வருவதுதான், கரண்டு முடிந்த பின் மெல்லக் குறையும், அதுவரை வலி மருந்தைப் போட்டுக்கொண்டு எப்படியாவது உள்ளே இறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வேறு யாராவது என்றால் அந்த மருந்தைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். திரவியனார் மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் போட்டுவைத்தார். கோமு கஞ்சியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுத் துணி அலசப் போனால், அதைக் கட்டிலுக்குக் கீழே இருந்த பேசினில் ஊற்றிவிடுவார்.

"குடிச்சியளா?"

தலையை ஆட்டுவார். மறுபடியும் ஒளிப்புதான். முன்பு வாய்க்குள் இருந்ததை ஒளித்தார். இப்போது வாய்க்குள் போகாததை ஒளித்தார். கோமு நம்பியது அவரை இன்னும் வதைத்தது. அந்த வதையும் தண்டனையில் சேரட்டும் என்று அதையும் ஏற்றுக்கொண்டார். பாவம், பக்தி முற்றினால் புத்தி இப்படியும் போகும்.

உடம்பு ஒளிக்குமா? நாளுக்கு நாள் எடை இறங்கியது. எழுந்து நிற்கத் தள்ளாடினார். தலையணை உறையை மாற்றிய நர்ஸ் கையில் மாத்திரைகள் உதிர்ந்தன. கோமு குனிந்து அவற்றைப் பொறுக்கினார். அப்புறம், "எனக்குத் தெரியாம இப்பிடிச் செய்துட்டியளே" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்தார். "ஐயா, இப்படியே போனா கரண்டை நிறுத்த வேண்டியதாயிடும். பாதியில நிறுத்தினா நோய் திரும்பி வந்துரும். மூக்கு வழியா ஒரு குழாய் போட்டு ஆகாரம் குடுக்கறோம், சரின்னு சொல்லுங்க."

திரவியனார் கையை அசைத்து வேண்டாம் என்றார். நாளைவரை பார்ப்போம் என்று டாக்டரம்மா எழுந்து போனார். நாளை என்பது எத்தனை சின்னது என்று கோமுவுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் உச்சிவேளையில் வார்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் வந்தவர் பிச்சுமணி பட்டர், பொருநைநாதருக்குப் பூசை செய்கிறவர். கையில் ஒரு பிளாஸ்க். பின்னால், அவரை வண்டியில் அழைத்து வந்த மந்திரமூர்த்தி, உள்ளே வரக் கூசித் தூணோரமாகவே நின்றுவிட்டார். பட்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ஓய் திரவியம், நேத்து உச்சிக்காலம் முடிஞ்சு மடப்பள்ளி நடையில கொஞ்சம் கண் அசந்தேன். சுவாமி வந்து எதிர்க்க உக்காந்தார். கன்னம் ஒட்டிப் போயிருக்கு. நைவேத்தியத் தட்டு அப்படியே கிடக்கு. ஏன் தொடலேன்னு கேட்டேன். 'கட்டுறவன் பட்டினி கெடக்கான், எனக்கு எப்படிவே இறங்கும்?'னு கேட்டார்."

திரவியனார் பரக்கப் பரக்க விழித்தார்.

"இன்னும் கேளும். 'எனக்கு மால விழாம அவன் ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. அவன் சாப்பிடாம நானும் சாப்பிடப் போறதில்ல' அப்படின்னார்."

திரவியனார் எழ முயன்றார். முடியவில்லை. வெந்த நாக்கைப் புரட்டி, காற்றாக வந்த குரலில், "சாமி... நான் பாவி... வாய்க்கட்டுக்குள்ள நான்..." என்றார்.

"பொகையில. அதானே?" என்றார் பட்டர்.

கோமு திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார். வாய்க்கட்டுக்குள் புகையிலை வைத்ததைத் திரவியனார் இந்த உலகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அதையும் சொன்னார். 'அந்த வாசம் வந்தாத்தான் திரவியம் வந்துட்டான்னு எனக்கு விடியும். பசிக்குத்தானே போட்டான்? அந்தப் பசி யாரால? வெள்ளென எனக்கு மால வேணும், அது வரைக்கும் கட்டுறவன் வயிறு காயணும்னு இருந்ததை நானும் பாத்துட்டுப் பேசாமத்தானே இருந்தேன்? குத்தத்துல பாதி என்னோடது. அவன் வாய் வெந்தது போதும், எனக்குச் சகிக்கல. போய்ச் சொல்லும்'னார்." பட்டர் பிளாஸ்க்கைக் கட்டிலோரம் வைத்தார். "பட்டைச் சோத்தை உம்ம கையில வச்சவன் நான். ஒரு நாளாவது, பசிக்குதா ஓய்னு கேட்டிருப்பேனா?"

நோய் சொன்ன அன்று அழாதவர், பல் பிடுங்கியபோது அழாதவர், அப்போது அழுதார். வற்றிய வாயில் எச்சில் ஊறவில்லை. கண்ணில் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. கோமுவின் கையைப் பிடித்துத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார். கோமு கையை இழுத்துக்கொள்ளவில்லை. "முன்னமே சொல்லியிருந்தா நானும் சாப்பிடாம கூட இருந்திருப்பேன்லா" என்றார். பிறகு திரவியனார் நர்ஸைப் பார்த்துத் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

வலிக்கு மருந்து கொடுத்து, குழாயை மெல்ல உள்ளே விட்டார்கள். "முழுங்குங்க ஐயா, இன்னும் முழுங்குங்க" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல அவர் விழுங்கினார். குழாய் சரியாக இறங்கியிருக்கிறதா என்று டாக்டரம்மா வந்து பார்த்துத் தலையசைத்தார். பட்டர் கொண்டுவந்த, காய்ச்சி ஆற்றிய பாலை நர்ஸ் வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ருசி தெரியாமல், புண்ணைத் தொடாமல், அது வயிற்றில் போய் இதமாக நின்றது.

பால் முழுதும் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டர் மடியிலிருந்து செல்போனை எடுத்தார். கோயிலில் அவருடைய மகன் நைவேத்தியத்தை இறக்கி மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"ஏலே, பண்டாரம் சாப்பிட்டாச்சு. இப்போ சுவாமிக்குக் காட்டு."

போனைத் திரவியனாரின் காதருகே பிடித்தார். வெகுதூரத்தில், கீழமருதூரில், உச்சிக்கால மணி அடித்தது. வாசலில் நின்ற மந்திரமூர்த்தி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அருகே வந்தார். "அண்ணாச்சி, நான் பேசினது பேச்சில்ல. மால ஒமக்காகக் காத்துக் கெடக்கு" என்றார். திரவியனார் அவர் தோளைத் தொட்டார்.

கரண்டு நிற்காமல் முழுதும் முடிந்தது. குழாயை எடுத்து, கஞ்சி, குழைந்த சோறு என்று மெல்ல மெல்ல ஏறி, திரவியனார் கீழமருதூர் திரும்பினார். பழைய வாய் திரும்பவில்லை. உதடு வறண்டே இருக்கும். தண்ணீர்ப் பாட்டில் கூடவே இருக்கும். இரண்டு விரலுக்குமேல் வாய் திறக்காது. நோய் திரும்பவில்லை என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஊரே ஒரு மூச்சு விட்டுக்கொண்டது.

அவர் மறுபடி பூமடத்தில் உட்கார்ந்த முதல் நாள் பட்டர் ஒரு கிண்ணம் கஞ்சியோடு வந்து நின்றார். "மொதல்ல இது. அப்புறம்தான் நார்." அன்று முதல் பொருநைநாதர் கோயிலில் மாலை கட்டுகிறவர் வயிறு நிறைந்த பிறகே முதல் பூ முடியப்படுகிறது. மாலை கொஞ்சம் தாமதமாகத்தான் விழுகிறது. சுவாமி காத்திருக்கிறார்.

கஞ்சி குடித்ததும் திரவியனார் வாய் கொப்பளித்துவிட்டு, துணியைக் கட்டுமுன் சந்நிதிக்கு எதிரே போய் நிற்பார். டாக்டரம்மா பழகச் சொன்ன ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, தழும்பேறிய அந்த வாயை முடிந்த மட்டும் அகலமாகத் திறந்து, கருவறையைப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். அத்தனை வருஷம் மூடி மறைத்ததை ஒருவர் தம் நாதருக்குத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாதருக்குத் தெரியும்.

அடியார் பசித்திருக்கத் தாமும் பசித்திருந்த பொருநைநாதர் கருணை பெரிது. ஒளித்ததைத் திறந்து காட்டிய திரவியனார் திருவாய் அதனினும் அழகு.