மூச்சு விட நேரமில்லை

“எல்லா ஆசனமும் எனக்கு நல்லாத்தான் வருதுங்க டீச்சர். அப்புறம் ஏனுங்க எனக்கு மட்டும் சர்டிபிகேட் இல்லை?”

வேலாத்தாள் கேட்டதில் நியாயம் இருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் நடந்த அந்த யோகா ஆசிரியர் பயிற்சியில் அவளைப் போல உடம்பை வளைத்தவர் யாருமில்லை. அவள் வந்து வகுப்பு தொடங்குவாள் என்று தெருப் பெண்கள் இப்போதே விரிப்பு வாங்கி வைத்துவிட்டார்கள். இந்தப் பயிற்சியும் அன்றோடு முடிகிறது.

பூங்கோதை டீச்சருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும்.

“நேத்து மூச்சுப் பயிற்சி நடத்துனீங்களே அக்கா, என்ன ஆச்சு?”

வேலாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இழுங்க... நிறுத்துங்க...” என்று சொன்னது வரை நன்றாகத்தான் சொன்னாள். அதற்குள் கூடப் படிக்கும் மரகதத்தின் விரிப்பு கோணலாகக் கிடப்பது கண்ணில் பட்டுவிட்டது. சரிசெய்யப் போனாள். போன இடத்தில் ஒருத்திக்கு முதுகை நீவிவிட்டாள். அப்படியே ஜன்னலையும் சாத்தினாள். வகுப்பு முழுவதும் கண் பிதுங்க உட்கார்ந்திருந்தது.

‘விடுங்க’ என்று சொல்ல மறந்துபோயிருந்தாள்.

“என்ன பண்றதுங்க டீச்சர். எனக்கு மூச்சு விடக்கூட நேரமில்லீங்க.”

அது பொய்யில்லை. வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். தூக்கித் தூக்கி இவள் இடுப்பே போய்விட்டது. அந்த வலிக்காகத்தான் யோகாவுக்கே வந்தாள். வந்த இடத்திலும் கூடத்தைப் பெருக்கினாள். எல்லோருக்கும் சுக்குத் தண்ணீர் வைத்தாள். வகுப்பு முடிவில் எல்லோரும் சவாசனத்தில் மல்லாந்து படுத்தால், இவள் ஒருத்தி மட்டும் எழுந்து போர்வை போர்த்திவிடுவாள்.

ஊருக்கு உபதேசம் என்பார்கள். இவள் ஊருக்குச் சவாசனம்.

டீச்சர் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு விரிப்பை விரித்தார்.

“வாங்கக்கா. இதுதான் உங்க பரீட்சை. சவாசனம் நடத்துங்க.”

“யாருக்குங்க?”

“ஒரே ஒரு மாணவிக்கு. ரொம்ப நல்லவங்க. இடுப்பு வலி. இத்தனை நாள் வந்தும் ஒருநாள்கூட நீங்க அவங்களுக்குப் போர்வை போர்த்துனதில்லை.”

வேலாத்தாளுக்குச் சுருக்கென்றது.

“யாருங்க அது? சொல்லியிருந்தா போர்த்தியிருப்பனே!”

“வேலாத்தாள்னு பேரு.”

மரகதம் சிரித்துவிட்டாள். வேலாத்தாளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“எனக்கு எதுக்குங்க...”

“இது பரீட்சை, அக்கா.”

வேறு வழியில்லாமல் படுத்தாள். சேலையைக் காலோடு இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் தொடங்கினாள்.

“கால் விரல் தளரட்டும்... முழங்கால் தளரட்டும்... இடுப்பு...”

குரல் நின்றது.

“பாவம், எவ்வளவு வலி” என்றாள், யாரிடமோ சொல்வது போல. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது.

“மூச்சை இழுங்க... நிறுத்துங்க...”

கூடமே காத்திருந்தது. மரகதம் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

“விடுங்க சாமி” என்றாள் வேலாத்தாள். கொங்கு நாட்டில் பெற்ற பிள்ளையை அப்படித்தான் அழைப்பார்கள். “விடுங்க... விடுங்க...”



கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை கேட்டது.

மரகதம் டீச்சரிடம் ஓடினாள். சவாசனத்தில் தூங்கினால் அது ஆசனமே இல்லை என்று முதல்நாளே டீச்சர் சொல்லியிருந்தார்.

“தூங்கிட்டாங்களே டீச்சர்! அப்ப ஃபெயிலுங்களா?”

“தூங்குனது மாணவி. நடத்துன டீச்சர் பாஸ்.”

சொல்லிவிட்டு டீச்சர் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தினார். மரகதம் தன் போர்வையையும் கொண்டுவந்தாள். அடுத்தவளும் எழுந்தாள். இவள் கையால் போர்வை வாங்காதவர்கள் அந்தக் கூடத்தில் யாருமில்லை. திருப்பிச் செய்ய ஒரு வழி கிடைத்ததில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். சித்திரை மாதம் என்பதைக்கூட மறந்து போர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

வேலாத்தாளின் பைக்குள் போன் அடித்தது. டீச்சர் பாய்ந்து எடுத்தார். நாத்தனார்தான்.

“அண்ணி, சக்கரை டப்பா எங்க வெச்சீங்க?”

“தேடிப் பாருங்க” என்று டீச்சர் மெல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வேலாத்தாள் புரண்டு படுத்தாள். எங்கே விழித்துவிடுவாளோ என்று ஆளுக்கு ஆள் உஸ், உஸ் என்றார்கள். அந்த உஸ்ஸே பெரிய இரைச்சலாக இருந்தது.

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

“யாரும் மூச்சு விடாதீங்க. அக்கா விடட்டும்.”