இரட்டைக் கொம்பும் துணைக்காலும்

சேர்மராஜ் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ரோஸ்லின் டீச்சர் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இடது கையில் இரண்டு குழாய்கள். ஒன்று வழியாக ரத்தம் போனது, மற்றது வழியாகத் திரும்பி வந்தது. வலது கை மட்டும் மடிமேல் இருந்த லேப்டாப்பில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி விழுந்தது.

"வாங்க அண்ணாச்சி. ஸ்டூலை இழுத்துப் போடுங்க. மிஷினை மட்டும் இடிச்சிராதீங்க. என் ரத்தம் பூரா இப்ப அதுக்குள்ளதான் கிடக்கு."

பாளையங்கோட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. டயாலிசிஸ் வார்டில் நாலு கட்டில். மற்ற மூவரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.

டீச்சர் என்று பேரே தவிர, அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்த்தவர். சனிக்கிழமைகளில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில், தமிழுக்காக இலவசமாகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அச்செடுத்து, சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுப்பார். அதனால் டீச்சர். சேர்மராஜ் அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் முதல் தாள் சிவந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்கும் டீச்சர்தான்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல."

"காஜாவோடதுக்கு எத்தனை நட்சத்திரம் ஆச்சு?"

சேர்மராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்த எண்ணிக்கை தெரியும். காலையில் பல் தேய்க்கும் முன்னால் பார்க்கிற முதல் காரியம் அதுதான்.

கதை இதுதான். தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கவும், கேட்ட பெயரைத் தேடி எடுக்கவும் சேர்மராஜ் ஒரு நிரல் எழுதினார். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அவர் படித்த காலத்தில் பெர்ல் தெரிந்தவனுக்குத் தனி மரியாதை இருந்தது. எழுதி முடித்து, உலகத்தில் எல்லாரும் நிரல் போட்டு வைக்கும் தளத்தில் போட்டார். பிடித்தவர்கள் நட்சத்திரம் கொடுக்கலாம். பத்துப் பதினோரு பேர் கொடுத்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. எந்த மொழிக்கு மவுசு என்று மாதாமாதம் வெளிவரும் பட்டியலில் பெர்ல் இறங்கிக்கொண்டே போனது. சேர்மராஜ் அந்தப் பட்டியலையும் விடாமல் பார்த்தார். பாசாகாத பிள்ளையின் நம்பரைத் தேடுகிற தகப்பன் மாதிரி, கீழே இருந்து மேலே பார்த்துக்கொண்டு வருவார்.

அப்போதுதான் மேலப்பாளையத்துப் பையன் காஜா மைதீன் அதே நிரலை எடுத்து, மவுசு ஏறிய பைத்தான் மொழியில் எழுதினான். ஒரே வாரத்தில். நட்சத்திரம் ஆயிரத்தைத் தாண்டியது. சென்னையில் கூட்டம் போட்டுப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் காஜா ஒன்றையும் மறைக்கவில்லை. 'சேர்மராஜ் அண்ணன் எழுதிய ஒரு பழைய பெர்ல் நிரலிலிருந்து' என்று ஆரம்பித்தான். அந்தக் காணொளியைச் சேர்மராஜ் நிறைய தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 'அண்ணன்' என்ற சொல் காதில் விழவில்லை. 'பழைய' என்பது மட்டும் விழுந்தது.

"அவன் திருடியிருந்தாக்கூட தேவல டீச்சர்" என்றார் இப்போது. "நாலு பேர்ட்ட சொல்லித் திட்டலாம். மரியாதையா எடுத்துட்டுப் போறவனை என்ன செய்ய?"

டீச்சர் சிரித்தார். மிஷின் ஒரு தடவை கீச்சிட்டது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, "டீச்சர், உங்களுக்கு ஏதோ ஊசி ஒத்துக்காதுன்னாங்களே, எது அது?" என்று கேட்டாள். புதுப் பெண்.

டீச்சர் அந்த ஊசியின் பெயரைச் சொன்னார். "போட்டா தொண்டை அடைச்சிரும்மா. போன வருசம் போட்டு, மேல போய்ட்டுத் திரும்பி வந்தேன். அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டுங்க, இருக்கும்."

நர்ஸ் வார்டின் ஓரத்திலிருந்த பழைய கம்ப்யூட்டரில் தட்டினாள். "ஆமா, இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இங்க இருக்கு" என்றார் டீச்சர், யாரிடமும் இல்லாமல். பிறகு சேர்மராஜைப் பார்த்தார். "அண்ணாச்சி, என் பேர்ல முதல் எழுத்தை எப்படிப் போடுவீங்க?"

"ரோவா? ரகரம் போட்டு ஓகாரக் குறி. இல்லேன்னா இரட்டைக் கொம்பைத் தனியா, துணைக்காலைத் தனியா. பழைய கீபோர்டு சிலதுல ரெண்டு தட்டு தட்டணும். புதுசுல ஒரே தட்டு."

"கண்ணுக்கு?"

"ஒரே ரோதான்."

"மிஷினுக்கு?"

"வேற வேற. சொல்லிக் கொடுத்தாத்தான் ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியும்."

"ரெண்டுல எது அசல்?"

"அசல்னு ஒண்ணும் இல்ல டீச்சர். ரெண்டுமே சரி. ரெண்டையும் சமமா வச்சுத் தேடணும். நான் அதுக்கு மூணு வரி எழுதியிருக்கேனே. நீங்க கூட..."

நிறுத்திக்கொண்டார். அந்த மூன்று வரிகளுக்குப் பக்கத்தில்தான் டீச்சர் வாழ்க்கையிலேயே ஒரு தடவை சுழிக்காமல் 'சரி' போட்டிருந்தார். அந்தத் தாள் இன்னும் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது.

"காஜாவோடதுல அந்த மூணு வரி இல்ல" என்றார் டீச்சர்.

"இல்ல."

"ஏன் விட்டான்?"

"பெர்ல் அவனுக்குச் சரியா ஓடாது. கோலம் போட்ட மாதிரி இருக்குன்னான்."

"சொன்னானா? யார்ட்ட?"

சேர்மராஜ் ஸ்டூலில் அசைந்தார்.

"எனக்குத்தான் போன் பண்ணினான். 'அண்ணே, நடுவுல மூணு வரி இருக்கே, அது எதுக்கு?'ன்னு."

"நீங்க?"

குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அது பழைய காலத்துக்கு எழுதினது, இப்ப வேண்டாம்னேன்."

 டீச்சர் லேப்டாப்பில் இரண்டு எழுத்துத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார்.

"அது ஒண்ணுதான் டீச்சர் என் கையில இருக்கு" என்றார் சேர்மராஜ். குரல் தணிந்துவிட்டது. "மொழி போச்சு. நட்சத்திரம் போச்சு. பேரும் அவனுக்குப் போச்சு. என்னைக்காவது ஒருநாள் அவனோடது தப்பாத் தேடும். அப்ப என்னோடதைத் திறந்து பாப்பாங்க. 'அடேய், இந்த மனுசன் அன்னைக்கே யோசிச்சிருக்கானே'ன்னு ஒருத்தனாவது சொல்லுவான்ல?"

"சொல்லுவான்."

"அதையும் கொடுத்துட்டா?"

டீச்சர் வார்டின் ஓரத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இந்த ஆஸ்பத்திரியில யார் நிரல் ஓடுது, தெரியுமா?"

சேர்மராஜுக்குத் தெரியாது.

"காஜாவோடது. இந்த வார்டு கம்ப்யூட்டர் பழசு, இங்க ஒரு கீபோர்டு. முன்னாடி கவுண்டர்ல புதுசு, அங்க வேற கீபோர்டு. நான் நேரா வார்டுக்குத்தான வாரேன், அதனால தொந்தரவு இல்ல. திடீர்னு தூக்கிட்டு வந்தா மட்டும் கவுண்டர் வழியா வரணும்." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "எந்த ஊசி ஆகாதுன்னு நாம வாயைத் திறந்து சொல்ல முடியுற வரைக்கும் பிரச்சனை இல்ல."

சேர்மராஜ் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும் டீச்சர்?"

"ரெண்டு மாசமா."

"அந்த மூணு வரியை நீங்களே அவனுக்கு அனுப்பியிருக்கலாமே!"

"அது உங்க வரி. உங்ககிட்ட கேக்காம நான் எப்படி எடுக்க?"

"என்ன டீச்சர் இது? யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நான்தான் முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனே!"

"அப்படியா போட்டிருக்கு?" என்றார் டீச்சர்.

பக்கத்துக் கட்டில்காரர் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அந்த வரியை எழுதியபோது சேர்மராஜ் யாரையும் நினைக்கவில்லை. எல்லாரும் போடுகிறார்கள் என்று வேறு ஒருவருடைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார். 'யார் வேண்டுமானாலும்' என்பதற்கு ஒரு முகம் இருக்கும், அதற்கு மேலப்பாளையத்தில் ஒரு வீடு இருக்கும், அது தன்னை அண்ணே என்று கூப்பிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

சேர்மராஜ் கேட்டார்: "கொடுத்துட்டா என்னோடதுல என்ன டீச்சர் மிஞ்சும்?"

டீச்சர் லேப்டாப்பை மூடினார். ஒற்றைக் கையால் அதைத் தள்ளி வைத்தார்.

"போறப்ப முன் கவுண்டர்ல என் பேரைச் சொல்லிக் கேட்டுட்டுப் போங்க அண்ணாச்சி."

 களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

கவுண்டரில் இருந்த பெண் எதையோ மென்றுகொண்டே கேட்டாள். "யாரைப் பாக்கணும் சார்?"

"ரோஸ்லின்."

"சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?"

"சின்ன ர."

தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"அப்படி யாரும் இல்லையே சார்."

"உள்ள டயாலிசிஸ்ல இருக்காங்கம்மா. வருசக்கணக்கா வாராங்க."

"கம்ப்யூட்டர்ல இல்ல சார்" என்றாள் அவள். "புதுசாப் பதிஞ்சிரட்டுமா?"

சேர்மராஜ் வேண்டாம் என்று தலையாட்டினார். வெளியே வந்து, ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். செல்போனை எடுத்தார்.

அப்போதும் அவர் மனசு முழுசாகத் திறக்கவில்லை. காஜாவுக்கு இப்படித்தான் அனுப்பினார்: 'உன் நிரலில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. எழுதியவர்கள் பட்டியலில் என் பெயரை முதல் வரியில் போட்டால் என்ன பிழை என்று சொல்கிறேன்.' அனுப்பிவிட்டு, பையன் என்ன பேரம் பேசுவான், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து முடிக்குமுன் பதில் வந்துவிட்டது.

'போட்டாச்சுண்ணே. பாருங்க. உங்க பேரைக் கீழ போட்டது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு, நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னு விட்டுட்டேன். பிழை என்னண்ணே?'

திறந்து பார்த்தார். முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. அடுத்த வரியில் காஜாவின் பெயர். சேர்மராஜ் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து, "சார், வண்டியைப் பின்னால எடுக்கணும்" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வீட்டுக்குப் போய் அந்த மூன்று வரிகளைப் பைத்தானில் எழுத உட்கார்ந்தார். அந்த மொழியை அதுவரை வீம்புக்காகவே படிக்காமல் இருந்தார். சாயங்காலம் வரை பிடித்தது. ஒவ்வொரு வரிக்கு மேலேயும் அது எதற்கு என்று யாருக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதினார். அனுப்பினார்.

டீச்சர் அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன் இறந்துபோனார். வீட்டில், தூக்கத்தில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய வேலை யாருக்கும் வரவில்லை. சேர்மராஜும் காஜாவும் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே பைக்கில் போனார்கள். 

சேர்மராஜ் இப்போதும் காலையில் காஜாவின் நட்சத்திரங்களைப் பார்க்கிறார். பல் தேய்த்த பிறகு.

அந்த ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் புதிய நிரலை ஏற்றினார்கள். இப்போது முன் கவுண்டரில் ரோஸ்லின் என்று எந்தக் கீபோர்டில் தட்டினாலும் வருகிறார். வயது நாற்பத்தொன்று. எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது கீழே சிவப்பு எழுத்தில் இருக்கிறது.