எண்ணெய்க் கைக்கு ஒரு குழாய்

"குளிக்கிற தொட்டிக்கு எந்தக் குழாய் வைக்கிறதும்மா?"

குன்றடி ஆசிரமத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பிறவி எதற்கு, மனம் ஏன் அடங்கவில்லை என்று கேட்க வருகிறவர்கள் உண்டு. சாத்தப்பன் குழாயைப் பற்றிக் கேட்டார்.

எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் அந்தத் துறவிக்குச் சாத்தப்பனின் மகள் வயதுதான் இருக்கும். விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"யாருக்குத் தொட்டி?"

"என் வீட்டுக்காரி உமையாளுக்கு."

உமையாளுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறிவிட்டது, கம்பை ஊன்றி நடக்கிறார். வலது கை மட்டும் திரும்பவில்லை. குனிந்து வாளியில் மொண்டு ஊற்ற முடியாது. குளிப்பாட்ட ஒரு நர்ஸ் வந்தார், அவரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார் உமையாள். நானாவது ஊற்றிவிடுகிறேன் என்று சாத்தப்பன் சொல்லப்போக, அன்றைக்கு உமையாள் சாப்பிடவே இல்லை.

இப்போது ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர். இப்போது வெள்ளிக்கிழமை வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

"'விடுங்க, நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க.' எதுக்கெடுத்தாலும் இதே பேச்சு. அவளாலயும் முடியாது, நம்மளையும் செய்யவிட மாட்டா."

அதனால்தான் சாத்தப்பன் பழைய குளியலறையை இடித்தார். படியேறி உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஒரு தொட்டி கட்டினார். வேலை மளமளவென்று நடந்து, குழாயில் வந்து நின்றுவிட்டது.

சாத்தப்பன் ஒரு வேட்டி வாங்கப் போனாலே கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை யோசிக்கிற ஆள். காரைக்குடியில் அவர் ஏறி இறங்காத ஷோரூம் இல்லை. போனில் படங்களாக எடுத்து வைத்திருந்தார். தங்க முலாம் பூசியது, அன்னம்போலக் கழுத்து வளைந்தது, பூவேலை செய்த பித்தளைத் திருகு வைத்தது. பிளம்பர் காத்துப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். சுவர் பிளந்தபடியே கிடந்தது.

"அவளுக்கு எது பிடிக்கும்னு தெரியலம்மா. தப்பா வச்சுட்டா, இதுவும் வேண்டாம்னு திரும்பிப் படுத்துக்குவா. எனக்கு அதுதான் பயம்."

அம்மா போனை வாங்கி ஒரு படம் விடாமல் பார்த்தார்.

"எல்லாமே அழகாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு எழுந்து வந்தார். சாத்தப்பனின் தோளில் கிடந்த துண்டை உருவி, அவருடைய வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். சாத்தப்பன் திருதிருவென்று விழித்தார்.

எண்ணெய்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தார் அம்மா.

"தலையில தேய்ங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சாத்தப்பன் இடது கையால் தேய்த்தார். தலையில் தங்கியது கொஞ்சம், நெற்றியில் வழிந்தது மீதி.

"போய்க் கழுவிட்டு வாங்க."

கிணற்றடியில் ஒரு குழாய் இருந்தது. பித்தளை. உருண்டைத் திருகு. தினமும் புளி போட்டுத் தேய்ப்பதால் பளபளவென்று இருக்கும்.

சாத்தப்பன் திருகினார். வழுக்கியது. இறுக்கிப் பிடித்துத் திருகினார். கைதான் சுற்றியது, குழாய் அசையவில்லை. எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிய ஆரம்பித்தது. துடைக்கலாம் என்றால் துடைக்கிற கையிலும் எண்ணெய். பூப்பறித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது.

அம்மா பக்கத்தில் வந்து குழாயைத் திறந்துவிடக் கையை நீட்டினார்.

"விடுங்க, நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று சாத்தப்பனுக்கு உறைத்தது.

குழாயைப் பிடித்தபடியே நின்றார்.

அம்மா விளக்குகளிடம் திரும்பிப் போனார். பூப்பறித்தவர்களையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேட்டி நுனியைத் திருகில் சுற்றி, எப்படியோ திறந்தார் சாத்தப்பன். தண்ணீர் வந்தபோது அழுதார். எண்ணெய் எரிச்சல் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

துண்டை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

தலையில் எண்ணெயும், கசங்கிய வேட்டியுமாக வீட்டுக்குள் வந்தவரைப் பார்த்து, என்ன கோலம் இது என்றார் உமையாள். சாத்தப்பன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். குழாய் சுற்றாமல் கை சுற்றிய இடம் வந்ததும் உமையாள் சிரித்துவிட்டார். வாதம் வந்த பிறகு வீட்டில் அந்தச் சத்தம் கேட்பது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். உமையாள் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினார். சாத்தப்பன் அவருடைய இடது உள்ளங்கையில் ஊற்றினார். அந்தக் கையால் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தார் உமையாள். கடை ஊழியர் துணியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார், முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

தங்க முலாம் வழுக்கியது. அன்னம் அசையவில்லை. பித்தளைத் திருகை உமையாள் தொடவே இல்லை, பார்த்துவிட்டுச் சிரித்தார்.

சாத்தப்பனுக்கு ஒவ்வொரு தடவையும் கை பரபரத்தது. வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஒரு மூலையில் இருந்தது, ஆஸ்பத்திரிகளில் மாட்டுகிற மாதிரி, நீளக் கைப்பிடி வைத்த குழாய். சாத்தப்பனின் கண்ணுக்கு அகப்பைக் காம்பு மாதிரி தெரிந்தது. உமையாள் முழங்கையால் தட்டினார். திறந்தது. இன்னொரு தட்டு. மூடியது.

"இதுதான். தொட்டிக்கு இடது பக்கம் வைக்கச் சொல்லுங்க."

சுவரைப் பிளந்து குழாய்க்கு வழி விட்டிருந்தது வலது பக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள், சாத்தப்பனும் அப்படித்தான் சொல்லியிருந்தார். பிளம்பரைக் கூப்பிட்டு, அதை அடைத்துவிட்டு இடது பக்கம் உடைக்கச் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் ஆசிரமத்துக்கு வந்தார்.

"குழாய் வச்சாச்சா?" என்று கேட்டார் அம்மா.

"வச்சாச்சும்மா. நேத்து எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா."

"வெந்நீரும் தண்ணியும் சரியாக் கலந்து வருதா?"

"யாருக்குத் தெரியும்?" சாத்தப்பனின் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "உள்ள போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா."